நிக்சனுக்கு வியர்த்தது

இந்தக் கதையை நீங்கள் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். எம்.பி.ஏ. வகுப்பில் சொல்வார்கள். விளம்பர கம்பெனி மீட்டிங்கில் சொல்வார்கள். தேர்தல் சீஸனில் ஏதாவது சேனலில் கோட்டு போட்ட நிபுணர் ஒருவர் சொல்லாமல் விடமாட்டார்.

1960. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். கென்னடியும் நிக்சனும் டி.வி.யில் நேருக்கு நேர் விவாதித்தார்கள். ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன்தான் ஜெயித்தார் என்றார்கள். டி.வி.யில் பார்த்தவர்கள் கென்னடி என்றார்கள். ஏன்? நிக்சனுக்கு வியர்த்தது. முகத்தில் தாடி நிழல் அடித்தது. கென்னடியோ வெயிலில் பழுத்து, சினிமா ஹீரோ மாதிரி நின்றார். ஜனங்கள் பேச்சை விட்டுவிட்டு முகத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். அன்றோடு கொள்கை செத்தது, இமேஜ் பிறந்தது. சுபம்.

ரொம்ப அழகான கதை. கையில் எடுத்துக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால்தான் சங்கடம்.

முதலில் நிஜமான சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன். 1960 செப்டம்பர் 26, சிகாகோவில் சி.பி.எஸ். ஸ்டுடியோ. ஏறக்குறைய ஏழு கோடி பேர் பார்த்தார்கள் என்று கணக்கு. நிக்சன் முழங்காலில் அடிபட்டு, அது சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து எழுந்து வந்தவர். எடை குறைந்து சட்டைக் காலர் தொளதொள. போட்டிருந்த கோட்டு வெளிர் சாம்பல், பின்னால் இருந்த சுவரும் சாம்பல். கறுப்பு-வெள்ளை டி.வி.யில் மனுஷன் பாதி சுவரோடு கலந்துவிட்டார். மேக்கப் போடட்டுமா என்று கேட்டபோது கென்னடி வேண்டாம் என்றார். அதைப் பார்த்து இவரும் வேண்டாம் என்றார். கடைசி நிமிஷத்தில் தாடி நிழலை மறைக்கக் கடைப் பவுடர் ஒன்றை அப்பிக்கொண்டார். ஸ்டுடியோ விளக்குச் சூட்டில் அது வேர்வையோடு சேர்ந்து வழிந்தது. இதெல்லாம் நடந்தது. சந்தேகமே இல்லை.

சந்தேகம் கதையின் இரண்டாம் பாதியில் இருக்கிறது.

தியோடர் ஒயிட் என்ற பத்திரிகையாளர் அந்தத் தேர்தல் முழுக்க இருவர் பின்னாலும் அலைந்து, 1961-ல் 'தி மேக்கிங் ஆஃப் தி பிரசிடென்ட் 1960' என்று ஒரு புத்தகம் போட்டார். மறு வருஷம் புலிட்சர் பரிசு வாங்கியது. தேர்தலை நாவல் மாதிரி எழுதலாம் என்று காட்டிய புத்தகம். இன்றைக்கும் நம் வாரப் பத்திரிகைகளில் 'அந்த அறைக்குள் தலைவர் தலையைக் கோதிக்கொண்டு யோசித்தார்' என்று எழுதுகிறார்களே, அந்த வம்சத்துக்கு இவரும் ஒரு பாட்டனார். நிக்சனின் களைத்த முகத்தை வர்ணிக்கும் பக்கங்கள் பிரமாதம். கென்னடி மீது அவருக்கு இருந்த காதல் பக்கத்துக்குப் பக்கம் வழிகிறது என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒயிட் எழுதியது என்ன? ரேடியோவில் கேட்டவர்களுக்கு இருவரும் ஏறக்குறைய சமமாகத் தெரிந்தார்கள், டி.வி. பார்த்தவர்களுக்குத்தான் நிக்சன் மோசமாகத் தெரிந்தார் என்று எழுதினார். சமம். கவனியுங்கள். பிறகு கதை கைமாறிக் கைமாறி வந்ததில் 'சமம்' என்பது 'ரேடியோவில் நிக்சன் வெற்றி' என்று ஆகிவிட்டது. நம்ம ஊரில் கல்யாணச் செய்தி தெருமுனை தாண்டுவதற்குள் நிச்சயதார்த்தம், சீமந்தம் எல்லாம் ஆகிவிடுவது போல.

நிக்சன் ரேடியோவில் ஜெயித்தார் என்பதற்கு ஆதாரமே இல்லையா? ஒன்று இருக்கிறது. சிண்ட்லிங்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை விசாரித்தது. அதில் ரேடியோவில் கேட்டவர்கள் 282 பேர். ஆமாம், இருநூற்று எண்பத்திரண்டு. அவர்களில் நிக்சன் பக்கம் பேசியவர்கள் கென்னடி பக்கம் பேசியவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாடப் புத்தகங்களில் உலா வரும் ஒரு சித்தாந்தம் இந்த 282 பேரின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. அதே சர்வேயில் டி.வி. பார்த்தவர்களிடையே கென்னடியின் முன்னிலை எவ்வளவு தெரியுமா? இரண்டு சதவீதம்கூட இல்லை. முகம் தேர்தலைத் தூக்கிக் கொடுத்தது என்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லவே மாட்டார்கள்.

1987-ல் வான்சில், பென்டெல் என்ற இரண்டு பேராசிரியர்கள் இதைப் பிரித்து மேய்ந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி சாதாரணமானது. ஆனால் அதுவரை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. அந்த ரேடியோக்காரர்கள் யார்? 1960-ல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவாக டி.வி. வந்துவிட்டது. மீதி வீடுகள் பெரும்பாலும் சிக்னல் எட்டாத கிராமப்புறம். அங்கே புராட்டஸ்டன்ட்கள் அதிகம்; கத்தோலிக்கரான கென்னடி ஜனாதிபதி ஆனால் போப் ஆண்டவர்தான் ஆட்சி செய்வார் என்று உண்மையாகவே பயந்தவர்கள் நிறைய. ரேடியோவை ஆன் செய்வதற்கு முன்பே நிக்சன் கட்சியாக இருந்திருக்கக்கூடியவர்கள். அவர்களிடம் போய் யார் ஜெயித்தது என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? அப்பாவிடம் போய் ஸ்கூல் பேச்சுப் போட்டியில் யார் நன்றாகப் பேசினார்கள் என்று கேட்கிற மாதிரிதான்.

வியர்வைக்கும் இதே கதி. பிடித்தவருக்கு வியர்த்தால் பாவம், எப்படி உழைக்கிறார் என்போம். பிடிக்காதவருக்கு வியர்த்தால் மாட்டிக்கிட்டான் பார் என்போம். வியர்வை ஒன்றுதான்.

இன்னொன்று. டி.வி.க்கு ஆகாத முகம் என்று நிக்சனைச் சொல்கிறார்களே, இதே நிக்சன் 1952-ல் துணை ஜனாதிபதி வேட்பாளராக இருந்தபோது, ஆதரவாளர்கள் திரட்டிக் கொடுத்த நிதி பற்றி ஊழல் புகார் கிளம்பி, கட்சியே கழற்றிவிடப் பார்த்தது. நேரே டி.வி.யில் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். கடன், வீடு, மனைவியின் சாதாரணக் கோட்டு, குழந்தைகளுக்குப் பரிசாக வந்த செக்கர்ஸ் என்ற நாய்க்குட்டி - எல்லாவற்றையும் சொன்னார். நாயைத் திருப்பித் தரமாட்டேன் என்றார். சுமார் ஆறு கோடி பேர் பார்த்தார்கள். ஆதரவுத் தந்தி மழை. பதவி பிழைத்தது. எட்டு வருஷத்தில் முகம் மாறிவிடவில்லை.

சரி, 1960-ல் அந்த ராத்திரி காதில் விழுந்தது என்ன? நிக்சன் ஆரம்பமே கென்னடி சொன்ன பலவற்றோடு நமக்கும் உடன்பாடுதான் என்கிற தொனியில் தொடங்குகிறார். அடாவடி ஆள் என்ற பெயரைப் போக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதனால் சாது வேஷம். கொஞ்ச நேரத்தில் ஒரு நிருபர் எழுந்து, ஐசனோவரின் பழைய பேச்சை நினைவுபடுத்துகிறார். நிக்சனின் யோசனை எதையாவது நீங்கள் ஏற்றுக்கொண்டதுண்டா என்று கேட்டதற்கு, ஜனாதிபதி ஐசனோவர் ஒரு வாரம் டயம் கொடுத்தால் ஏதாவது ஞாபகம் வரலாம் என்று சொல்லி வைத்திருந்தார். எட்டு வருஷம் கூடவே இருந்த துணை ஜனாதிபதியைப் பற்றி! அதற்கு நிக்சன் சமாளித்த சமாளிப்பு ரேடியோவிலும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அது சமாளிப்புதான்.

தேர்தல் முடிவில் வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் ஓட்டு, போட்டவர்கள் 6 கோடியே 80 லட்சத்துக்கு மேல். இவ்வளவு நூலிழை வித்தியாசம் என்றால் எந்தக் காரணத்தை வேண்டுமானாலும் 'இதனால்தான்' என்று நீங்கள் சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது. அந்த வருஷம் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. ஜான்சனைத் துணைக்கு நிறுத்தியதால் டெக்ஸாஸ் கிடைத்தது. அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சிறையில் போட்டபோது கென்னடி அவர் மனைவிக்கு போன் செய்து ஆறுதல் சொன்னார். அந்தச் செய்தியை மலிவுத் தாளில் துண்டுப் பிரசுரமாக அச்சடித்துத் தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கறுப்பின மக்களின் சர்ச்சுகளில் கொடுத்தார்கள். அந்த நீலத் தாளைப் பற்றி எம்.பி.ஏ. வகுப்பில் யாரும் பாடம் எடுப்பதில்லை. அதில் மேக்கப் இல்லை.

*

பின்னே டி.வி.க்குச் சக்தியே இல்லையா என்று நீங்கள் கேட்டால், அதுவும் சரிப்படாது. 2003-ல் ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற அரசியல் விஞ்ஞானி வேறு வழியில் போனார். அந்த முதல் விவாதத்தையே எடுத்து 171 பேருக்குப் போட்டார். சிலருக்குப் படத்தோடு, சிலருக்கு ஒலி மட்டும். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. ஆகவே புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கச் சிக்கல் கிடையாது. பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்ததாகச் சொல்வது அதிகமாக இருந்தது. ஆளின் குணத்தை வைத்து எடை போடுவதும் பார்த்தவர்களிடம் அதிகம். ஆக, படம் வேலை செய்கிறது. அதோடு இன்னொரு முடிவும் வந்தது: கேட்டவர்களைவிடப் பார்த்தவர்கள்தான் விவாதத்திலிருந்து அதிகம் கற்றுக்கொண்டிருந்தார்கள். டி.வி. மூளையை மழுங்கடிக்கும் என்று நாம் எல்லோரும் மேடையில் பேசுகிறோம். இந்தச் சோதனையில் அது இரண்டையும் செய்தது. முகத்தையும் காட்டியது, விஷயத்தையும் ஏற்றியது.

ஒயிட்டின் புத்தகத்திலோ அதன் சீடர்களிடமோ இந்த இரண்டாவது பாதி கிடையாது. எனக்கு அவர்கள் மேல் வருத்தம் அங்கேதான். பார்வையாளன் அவர்களுக்கு ஒரு காலிப் பாத்திரம். மேலே இருந்து எதை ஊற்றினாலும் வாங்கிக்கொள்வான்.

இந்த நினைப்புக்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1983-ல் டேவிசன் என்ற சமூகவியலாளர் எழுதிய கட்டுரை. தமிழில் 'மூன்றாம் மனிதர் விளைவு' என்று சொல்லிக்கொள்ளலாம். பிரசாரம் என்னைப் பாதிக்காது, உங்களையும் அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் அதோ அங்கே இருக்கிறானே மூன்றாமவன், அவனைக் கவிழ்த்துவிடும் என்று எல்லோருமே நம்புகிறோம். டேவிசன் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போர், ஐவோ ஜிமா தீவு. வெள்ளைக்கார அதிகாரிகளின் கீழ் கறுப்பினச் சிப்பாய்கள் கொண்ட ஒரு படைப்பிரிவு. ஜப்பான் விமானங்கள் நோட்டீஸ் போட்டன: இது வெள்ளையர் சண்டை, உங்களோடு எங்களுக்குப் பகையில்லை, சரணடையுங்கள் என்று. சிப்பாய்கள் அதற்கு மயங்கியதாக ஒரு தடயமும் இல்லை. ஆனால் மறுநாளே அந்தப் பிரிவு அங்கிருந்து விலக்கப்பட்டது. நோட்டீஸ் வேலை செய்தது. யாரிடம்? படிக்கச் சொல்லி எழுதப்படாத அதிகாரிகளிடம்.

நிக்சன் கதையும் அப்படித்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். அதை முழுசாக நம்பிய முதல் ஆள் நிக்சனே. 1968-ல் மறுபடி நின்றபோது விவாதமே கிடையாது என்று விட்டார். பொறுக்கி எடுத்த பார்வையாளர்கள், கேள்வி கேட்கப் பொறுக்கி எடுத்த குழு, சரியான லைட்டிங் என்று டி.வி. நிகழ்ச்சிகளாகவே பிரசாரத்தைக் கட்டினார்கள். ஜோ மெக்கின்னிஸ் கூடவே இருந்து பார்த்து 1969-ல் ஜனாதிபதியைச் சோப்பு மாதிரி விற்ற கதையைப் புத்தகமாக்கினார். அந்த நிகழ்ச்சிகளைத் தயாரித்த இளைஞர் ரோஜர் எய்ல்ஸ். பிற்பாடு 1996-ல் ஃபாக்ஸ் நியூஸ் சேனலை நடத்த வந்தவர் அவர்தான். ஒரு சொட்டு வியர்வை எங்கே போய் முடிந்திருக்கிறது பாருங்கள்.

அந்த ஃபாக்ஸை வைத்து ஒரு நல்ல ஆய்வு உண்டு. சேனல் ஆரம்பித்த புதிதில் எல்லா ஊர் கேபிளிலும் வரவில்லை. சில ஊரில் வந்தது, பக்கத்து ஊரில் வரவில்லை. டெல்லாவிக்னா, கப்லான் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 9,256 ஊர்களின் 1996, 2000 தேர்தல் கணக்கை ஒப்பிட்டு, 2007-ல் வெளியிட்டார்கள். ஃபாக்ஸ் வந்த ஊர்களில் குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாகக் கிடைத்தது 0.4-லிருந்து 0.7 சதவீதம். இவ்வளவு சத்தம் போடும் ஒரு சேனல், நாள் முழுக்க, நான்கு வருஷம்... ஒரு சதவீதம்கூட இல்லை! இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டால், 2000-ல் ஃப்ளோரிடாவில் புஷ் ஜெயித்தது வெறும் 537 ஓட்டில் என்பதையும் கேட்டுவிட்டு விடுங்கள்.

ஊடகத்தின் சக்தி இந்த அளவில்தான் இருக்கிறது. ஜனங்களைக் கூண்டோடு தூக்கிப் போகும் வெள்ளம் கிடையாது. தராசில் ஒரு விரல். தட்டுகள் சமமாக நிற்கும்போது அந்த விரல் போதும். மற்ற நாளில் கடைக்காரனுக்குத்தான் சுளுக்கு.

*

நம்ம ஊருக்கும் ஒரு நிக்சன் கதை உண்டு. 1967 ஜனவரி 12. எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் எம்.ஜி.ஆர். படம் சுவரெல்லாம் போஸ்டர். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அந்தப் போஸ்டர்தான் காங்கிரஸைக் கவிழ்த்தது என்று பெரியவர்கள் பலர் சத்தியம் செய்வார்கள். படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே செய்வார்கள்.

கணக்கைப் பாருங்கள். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் தனியாக வாங்கிய ஓட்டு 41 சதவீதம். தி.மு.க. தனியாக வாங்கியதைவிட அது ஒரு முடி அளவு அதிகம்! 1962-ல் 46 சதவீதத்தை வைத்து 206-ல் 139 இடம் பிடித்த கட்சி, ஐந்து சதவீதம் இறங்கியதும் 234-ல் ஏறக்குறைய 50 இடத்துக்கு வந்துவிட்டது. காரணம், முந்தைய தேர்தலில் சிதறிய எதிர்க்கட்சிகள் இந்த முறை ஒரே வரிசையில் நின்றன. தி.மு.க. 174 தொகுதியில் மட்டும் நின்று, மற்றதை ராஜாஜியின் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் என்று பங்கு போட்டுக்கொண்டது. அரிசித் தட்டுப்பாடு. ரூபாய்க்குப் படி அரிசி வாக்குறுதி. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்த பெ. சீனிவாசன் அந்தப் போராட்டத்தில் வந்த மாணவர் தலைவர். எந்த சினிமாவிலும் கழுத்தில் கட்டோடு நின்றவர் இல்லை.

போஸ்டர் ஒரு ஓட்டும் வாங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அனுதாபம் நிஜம். ஆனால் ரேஷன் கடை வரிசையில் நின்றவள், பையன் தடியடி வாங்கியதைப் பார்த்த அப்பா, இவர்களை எல்லாம் 'போஸ்டரைப் பார்த்துப் போட்டுட்டாங்க' என்று ஒரே வரியில் ஒதுக்குவதில் என்ன சௌகரியம் இருக்கிறது பாருங்கள். தோற்றவர்கள் தாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க வேண்டாம். நமக்கோ, நம் ஓட்டு மட்டும் யோசித்துப் போட்ட ஓட்டு. வேலைக்கார அம்மா ஓட்டு சினிமா ஓட்டு. அந்த அம்மாவும் பஸ்ஸில் உங்களைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டு போகிறார் என்பது என் அனுமானம்.

விற்பனையாளர்களுக்கும் இந்தக் கதை வேண்டும். 2018-ல் கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் வெடித்தபோது, 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலான ஃபேஸ்புக் விவரங்கள் கைமாறியிருக்கலாம் என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. திருட்டு திருட்டுதான். ஆனால் அதோடு கூடவே, மனசுக்குள் புகுந்து ஓட்டைத் திருப்பும் மந்திரம் அவர்களிடம் இருக்கிறது என்பதையும் உலகம் நம்பியது. இதைச் சொன்னது யார்? முதலில் அந்த நிறுவனமே, தன் விளம்பரத்தில்! 2016-ல் அவர்களை வைத்துக்கொண்ட டெட் க்ரூஸ் கட்சி வேட்பாளர்கூட ஆக முடியவில்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் 2020-ல் விசாரணையை முடித்தபோது, அவர்கள் பயன்படுத்திய முறைகள் பெரும்பாலும் ஊரறிந்த சாதாரண முறைகள்தான் என்றார். இதற்குள் உலகம் முழுக்க எத்தனை கட்சிகள் எத்தனை கன்சல்டன்டுகளுக்குச் செக் எழுதியிருக்கும்! அந்தப் பணம் யார் வீட்டுப் பணம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கென்னடி-நிக்சன் முதல் விவாதம் முழுசாக இணையத்தில் கிடைக்கிறது. ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுப் பாருங்கள். வீட்டில் ஒருவரைச் சமையலறையிலிருந்து குரலை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். விவசாயி, வாத்தியார் சம்பளம், வயசானவர்களின் வைத்தியச் செலவு - இதைப் பற்றித்தான் அந்த இரண்டு பேரும் அன்றைக்குப் பேசினார்கள். அடுத்த தேர்தலில் கோட்டு போட்ட நிபுணர் வியர்வைக் கதையை ஆரம்பிக்கும்போது, வாத்தியார் சம்பளத்தைப் பற்றி நிக்சன் என்ன சார் சொன்னார் என்று போன் போட்டுக் கேளுங்கள். லைன் கிடைத்தால்.